தேரி மணலுக்கு அடியில் ஓர் ஏரி

திருச்செந்தூரில் கடலில் குளித்து எழுந்தவர்கள் அப்படியே கோயிலுக்குள் போவதில்லை. ஈரத் துணியோடு நாழிக்கிணற்றுக்கு நடப்பார்கள். கோயிலுக்குத் தெற்கே, அலைச் சத்தம் தெளிவாகக் கேட்கும் தூரத்தில் இருக்கிறது அது. அகலமான ஒரு பெரிய கிணறு, இறங்கப் படிகள், அதன் அடித்தளத்தில் இன்னொரு குட்டிக் கிணறு. அந்தக் குட்டிக் கிணற்றுத் தண்ணீரில் உப்பில்லை. உடம்பில் ஒட்டிய கடலுப்பை அதில்தான் கழுவுகிறார்கள். சூரபத்மனோடு நடந்த போரில் களைத்த படையின் தாகம் தீர முருகன் வேலால் குத்தி உண்டாக்கிய ஊற்று என்பது தலவரலாறு. பக்தருக்கு அது போதும். ஆனால் அந்தப் படியில் இறங்குகிற யாருக்கும், பக்தரோ இல்லையோ, ஒரு கேள்வி வந்தே தீரும். இத்தனை பக்கத்தில் ஒரு பெருங்கடல் கிடக்கும்போது, இந்தக் குழிக்குள் உப்பு எப்படி வராமல் இருக்கிறது?

இது திருச்செந்தூருக்கு மட்டும் உரிய அதிசயமும் இல்லை. உவரியில் சுயம்புலிங்க சுவாமி கோயில் தெப்பக்குளம் கடலை ஒட்டியே இருக்கிறது. தண்ணீர் நல்ல தண்ணீர். தங்கச்சிமடத்து வில்லூண்டித் தீர்த்தத்தில் கிணறு கடலுக்குள்ளேயே நிற்கிறது. பாலத்தில் நடந்துபோய் இறைக்க வேண்டும். தனுஷ்கோடியில் மீனவப் பெண்கள் மணலைக் கையால் தோண்டி, ஊறும் தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் அள்ளிக் குடத்தை நிரப்புவார்கள். யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கேணியில் குளிப்பவர் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நன்னீரிலும் அந்தப் பக்கம் கடலிலுமாக மாறி மாறி முழுகலாம்.

இதற்கெல்லாம் ஊரில் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு: கடல் தண்ணீர் மணல் வழியாக வரும்போது உப்பு வடிகட்டப்பட்டுவிடுகிறது என்பது. பள்ளி ஆசிரியர்கள்கூடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இது தவறு. மணல், கலங்கலை வடிகட்டும். கரைந்த உப்பை வடிகட்டாது. கரைந்த சோடியமும் குளோரைடும் தண்ணீர் மூலக்கூறுகளோடு ஒட்டிக்கொண்டே நகர்பவை. இரண்டு மணற்பருக்கைகளுக்கு இடையிலுள்ள சந்து அவற்றுக்கு ராஜபாட்டை. அவற்றைப் பிரிப்பதற்குத்தான் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில் மெல்லிய சவ்வுகளை வைத்து, வளிமண்டல அழுத்தத்தைப்போல் 50, 60 மடங்கு அழுத்தம் கொடுத்துத் தள்ளுகிறார்கள். மணலே அந்த வேலையைச் செய்யுமானால் மின்கட்டணம் கட்டி ஆலை நடத்த வேண்டியதில்லை.

நாழிக்கிணற்றுத் தண்ணீர் கடலிலிருந்து வரவில்லை, கடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. எல்லா விடையும் இந்தத் திசை மாற்றத்தில்தான் இருக்கிறது.

திருச்செந்தூரிலிருந்து மேற்கேயும் தென்மேற்கேயும் போனால் குதிரைமொழித் தேரி வரும். அதற்கும் தெற்கே சாத்தான்குளம், தட்டார்மடம் பக்கத்துத் தேரிகள். செக்கச்செவேல் மணல், மைல் கணக்கில். குவார்ட்ஸ் பருக்கைகளின்மேல் இரும்பு ஆக்சைடு மெல்லிய தோலாகப் படிந்திருப்பதால் வந்த நிறம் இது. காற்று அள்ளிக் கொட்டிய மேடுகள் இவை. பழைய காலத்துத் தொல்மாந்தர் இங்கே வாழ்ந்து விட்டுப்போன சின்னச் சின்னக் கல்லாயுதங்களை ஆராய்ந்து சாய்னர், ஆல்சின் இருவரும் 1956ல் எழுதிய கட்டுரை இந்தியத் தொல்லியலில் இன்றும் பேசப்படுவது. மேலே பார்த்தால் பாலைவனம். பனையும் உடைமரமும் கொல்லாமாவும் தவிர அதிகம் இல்லை. ஆனால் இந்தக் காட்டுக்குள்தான் அருஞ்சுனை காத்த அய்யனார் இருக்கிறார். சுனையைக் காக்கும் சாமிக்குப் பாலைவனத்தில் என்ன வேலை?

தேரியில் மழை பெய்யும்போது நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், ஓடை என்று எதுவும் ஓடாது. விழுந்த இடத்திலேயே தண்ணீர் காணாமல் போகும். தூத்துக்குடிப் பக்கத்தில் ஆண்டு மழை சுமார் 650 மில்லிமீட்டர். தமிழ்நாட்டிலேயே குறைவாகப் பெறும் பகுதிகளில் ஒன்று. பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவத்தில் வருவது. இதே ஊரில் திறந்து கிடக்கும் குளத்திலிருந்து வெயிலும் காற்றும் ஆண்டில் ஒன்றரை மீட்டருக்கு மேல் தண்ணீரைக் குடித்துவிடும். வரவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் செலவு. அப்படியென்றால் இந்த மாவட்டத்தில் ஆற்று வரத்து இல்லாத எந்தக் குளமும் ஆண்டு முழுக்கத் தாங்காது. தாங்குவதும் இல்லை. தேரி மணல் இந்தக் கணக்கிலிருந்து தப்பிவிடுகிறது. மழை விட்ட சில நாளில் மேல் மணல் ஒரு சாண் ஆழத்துக்குக் காய்ந்துவிடும். காய்ந்த கரடு மணலுக்குக் கீழிருக்கும் ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றும் திறன் இல்லை. களிமண் அதைச் செய்யும், மணல் செய்யாது. ஆகவே கீழே போன தண்ணீருக்கு மேலே ஒரு மூடி விழுந்துவிடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 650 மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அடியில் இறங்கியது என்று வைத்துக்கொள்வோம்: 130 மில்லிமீட்டர். மணலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வெற்றிடம் இருக்கும். அதனால் அந்த 130, நிலத்தடி நீர்மட்டத்தை ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் உயர்த்தும். ஒரு சாதாரண ஆண்டின் கதை இது. 2023 டிசம்பர் 17, 18ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டரும் திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டரும் பெய்தது. ஓர் ஆண்டு மழைக்கு மேல் ஒரே நாளில். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் வெள்ளத்தில் சிக்கி நின்றதும் ஊர்கள் மூழ்கியதும் நினைவிருக்கும். அந்த மழையில் மணலுக்குள் போன பங்கைப் பற்றி யாரும் பேசவில்லை; அது கண்ணுக்குத் தெரியாதது.

இப்படி அடியில் சேர்ந்தது ஓர் ஏரி. கரை, மேல்மட்டம், அடிமட்டம், வடிகால் எல்லாம் உள்ள ஏரி. மேலே மணல் நிரம்பியிருக்கிறது என்பதுதான் வித்தியாசம். நாம் கடற்கரை என்று சொல்லி நடக்கிற இடம் இதன் கிழக்குக் கரையும்கூட.

இந்த ஏரியின் அடியில் கல்தளம் மட்டும் இருக்க வேண்டும் என்பதில்லை. கரையோரத்தில் பல இடங்களில் அடித்தளமே உப்புத் தண்ணீர்தான். கடல்நீர் நிலத்துக்கு அடியிலும் புகுந்து கிடக்கிறது. அதன்மேல் நன்னீர் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால் கடல்நீரின் அடர்த்தி 1.025. சின்ன வேறுபாடு. ஆனால் 40 மீட்டர் உயரக் கடல்நீரும் 41 மீட்டர் உயர நன்னீரும் ஒரே எடை என்று கணக்கு வருகிறதல்லவா? அதாவது கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், அதைத் தாங்கிப் பிடிக்கக் கடல்மட்டத்துக்குக் கீழே 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். அதற்கும் கீழேதான் உப்பு. மேலே ஒன்று, கீழே நாற்பது.

1828ல் அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஜோசப் டு கொம்மன் இதை எழுதிவைத்தார், யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு நெதர்லாந்தின் ராணுவப் பொறியாளர் கைபன் 1880களின் இறுதியிலும், ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க் 1901லும் தனித்தனியே இதே கணக்குக்கு வந்தார்கள். விதிக்குப் பின்னவர்கள் இருவர் பெயர்தான் நிலைத்தது. ஐரோப்பாவின் வடகடல் ஓரத்து மணல் மேடுகளும் நம் தேரிகளும் இந்த ஒரு விஷயத்தில் சொந்தக்காரர்கள். உண்மையான நிலத்தில் கணக்கு இவ்வளவு துப்புரவாக இருக்காது. இடையில் களிமண் படலம் வரும், பாறை வரும். நன்னீருக்கும் உப்புநீருக்கும் நடுவே இரண்டும் கலந்த சவர்த் தண்ணீர்ப் பட்டை ஒன்று எப்போதும் இருக்கும். ஆனாலும் விகிதம் அதுதான்.

மன்னார் வளைகுடாவில் இதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளில், வேம்பார்ப் பக்கத்தில் ஒன்றின் பெயர் நல்லதண்ணித் தீவு, இன்னொன்றின் பெயர் உப்புத்தண்ணித் தீவு. நல்லதண்ணித் தீவு நூறு ஹெக்டேர் அளவில் உள்ளது. மற்றது அதைவிடப் பலமடங்கு சிறியது. தீவு அகலமாக இருந்தால் நடுவில் நீர்மட்டம் குவிந்து எழ இடம் கிடைக்கும். குறுகலாக இருந்தால் பெய்த மழை இரு பக்கமும் வடிந்துவிடும், மட்டம் எழாது. மட்டம் எழாவிட்டால் கீழே நாற்பது மடங்கும் இல்லை. ஹெர்ஸ்பெர்க் பிறப்பதற்கு முன்பே நம் கடலோடிகள் குடத்தோடு இறங்கிப் பார்த்து முடிவு சொல்லியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

இனி அந்தத் திசைக்கு வருவோம். தண்ணீர் கடலை நோக்கி ஏன் போய்க்கொண்டே இருக்க வேண்டும்? அப்படியே நின்றால் என்ன?

சிகாகோவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்வந்த நம் ஊர்ப் பெரியவர்கள் பலர் மிச்சிகன் ஏரிக்கரையைப் பற்றி வியந்து சொல்வார்கள். மறுகரை தெரியாது. அலை அடிக்கும். மணல் விரிந்து கிடக்கும், பிள்ளைகள் வீடு கட்டி விளையாடும். கடல் என்றே நினைத்து வாயில் ஒரு கை அள்ளினால் உப்பில்லை. குளித்து ஏறினால் நாழிக்கிணறு தேட வேண்டியதில்லை, துவட்டிக்கொண்டு போகலாம். 58,000 சதுர கிலோமீட்டர் பரப்பு, தமிழ்நாட்டின் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு உப்பாகாமல் இருக்கக் காரணம் அதற்கு ஒரு வாசல் இருப்பது. மிச்சிகன் ஹியூரான் ஏரியோடு சேர்ந்து, அங்கிருந்து ஏரி ஏரியாகக் கடந்து, செயின்ட் லாரன்ஸ் ஆறாக அட்லாண்டிக்கில் விழுகிறது. எந்த ஆறும் மலையிலிருந்து சிறிது உப்பைக் கரைத்துக்கொண்டுதான் வருகிறது; வெளியே போக வழி இருந்தால் அந்த உப்பும் போய்விடும். வழி இல்லாத ஏரிகள் என்ன ஆகும் என்பதைச் சாக்கடலிலும் ராஜஸ்தானத்துச் சாம்பார் ஏரியிலும் பார்க்கலாம். நன்னீர் நன்னீராகவே இருக்க வேண்டுமானால் அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

மணலுக்கு அடியிலுள்ள நம் ஏரிக்கும் இதுவே விதி, இன்னும் கடுமையாக. 1940ல் கிங் ஹபர்ட் என்ற அமெரிக்க நிலவியலாளர் பழைய விதியில் இருந்த ஓட்டையைக் காட்டினார். நீர் அசையாமல் நிற்கிறது என்று கொண்டால் கரையில் நன்னீரின் தடிமன் பூஜ்யம் என்று விடை வரும். பூஜ்யத் தடிமனில் எந்தத் தண்ணீரும் வெளியேற முடியாது. உண்மையில் கரையோரத்தில் ஒரு வாய் திறந்திருக்கிறது. அதன் வழியாக நன்னீர் உப்புநீரின் முதுகில் ஏறி, மேல்நோக்கி வளைந்து, கரை மணலிலும் அதை அடுத்த ஆழமற்ற கடல் தரையிலும் கசிகிறது. நாழிக்கிணறும் தனுஷ்கோடி ஊற்றுகளும் அந்த வாயருகே வெட்டிய குழிகள். கடல் வற்றம் விழுந்த நேரத்தில் கரைச் சரிவில் மெல்லிய நீர்க்கோடுகள் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு பகுதி அலை விட்டுப்போன தண்ணீர். ஒரு பகுதி தேரி மழை.

ஆண்டுதோறும் நம் செய்தித்தாள்களில் ஒரு தலைப்பு வரும்: தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது. நிலத்தடி நீரைப் பொறுத்தவரை இதைவிடத் தப்பான வாக்கியம் இல்லை. அந்தக் கசிவுதான் மதில். கடலை அந்தப் பக்கமே நிறுத்தி வைத்திருப்பது வெளியே போய்க்கொண்டிருக்கும் அந்தத் தண்ணீரின் தள்ளல். அதை முழுக்க நாம் பிடித்துக்கொண்டால் கடல் உள்ளே நடந்துவரும். வரும் என்பது சாபமல்ல, அடர்த்திக் கணக்கு.

இந்தக் கசிவை உலகம் மிகப் பழைய காலம் முதலே அறியும். சிரியாக் கரையோரத்து அராதோஸ் தீவினர், போர்க்காலத்தில் கடலடி ஊற்றின்மேல் ஈயப் புனல் ஒன்றைக் கவிழ்த்து, தோல் குழாய் வழியாக நல்ல தண்ணீரை மேலே எடுத்ததை கிரேக்கப் பயணி ஸ்ட்ராபோ விவரிக்கிறார். நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் பஹ்ரைன். முத்துக்குளிப்பில் நம் கரைக்குப் போட்டியாக இருந்த ஊர். அங்கே முத்துக்குளிப்பவர்கள் கடலுக்கடியில் பொங்கும் ஊற்றுக்குள் தோல்பையோடு மூழ்கி, குடிநீர் நிரப்பிக்கொண்டு படகேறுவார்கள். நம் முத்துப் பார்கள் கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி இருப்பவை. அங்கே அப்படி ஊற்று இருந்ததாகச் செய்தி இல்லை.

இந்தக் கசிவை அளப்பது எளிதல்ல. ஆற்றை அளக்கலாம்; ஆயிரம் மைல் கரை முழுக்கக் கசிவதை எப்படி அளப்பது? நிலத்தடி நீர் பாறையோடும் மணலோடும் கிடந்ததால் அதில் ரேடியமும் ரேடான் வாயுவும் சற்றுக் கூடுதலாக இருக்கும். கடல்நீரில் அவற்றைத் தேடினால் கசிவு எங்கே, எவ்வளவு என்று தெரியும். 1996ல் வில்லர்டு மூர் அமெரிக்காவின் தென் கரோலினா கரையில் இப்படி அளந்து, நிலத்தடியிலிருந்து கடலுக்குள் வருவது அங்குள்ள ஆறுகள் கொண்டுவருவதில் ஏறத்தாழ 40 விழுக்காடு இருக்கும் என்று கணித்தார். அதில் மண்ணுக்குள் புகுந்து திரும்பும் கடல்நீரும் அடக்கம்தான். ஆனாலும் கடலியலாளர்கள் தங்கள் வரவு-செலவுக் கணக்கை மறுபடி எழுத வேண்டிவந்தது.

தூத்துக்குடி நகரத்துக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். துறைமுகத்தைச் சுற்றித் தேரி இல்லை. தாழ்ந்த, தட்டையான, உவர்ந்த நிலம். அதனால்தான் நகராட்சித் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்து 1920களில் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரப் பாடுபட்டார். நகரம் இன்றும் அவருக்குச் சிலை வைத்துக் கும்பிடுகிறது. அதே உவர் நிலம்தான் உப்பளத்துக்காரர்களுக்குச் செல்வம். வெளியூர்க்காரர்கள் இங்குள்ள பாத்திகளில் கடல் தண்ணீரை விடுகிறார்கள் என்று நினைப்பார்கள். பெரும்பாலான அளங்களில் அப்படி இல்லை. போர் போட்டு, கடலைவிடக் கரிப்பான நிலத்தடித் தண்ணீரை எடுத்துப் பாத்தியில் பாய்ச்சுகிறார்கள். வெயில் பாதி வேலையை ஏற்கெனவே மண்ணுக்குள் முடித்துவைத்திருக்கிறது. ஒரே மாவட்டம், ஒரே கடல். ஓரிடத்தில் போர் போட்டு உப்பு வந்தால் சந்தோஷம்; நாற்பது கிலோமீட்டர் தெற்கே போர் போட்டு உப்பு வந்தால் முருங்கையும் வாழையும் போயிற்று.

அந்தத் தெற்குப் பகுதியின் ஆபத்து இதே நாற்பது மடங்குக் கணக்கைத் திருப்பிப் படித்தால் விளங்கும். மோட்டார் ஓடும்போது குழாயைச் சுற்றி நீர்மட்டம் பள்ளமாக இறங்குகிறது. மேலே 10 சென்டிமீட்டர் இறங்கி அப்படியே நின்றால், கீழே உப்புநீர் 4 மீட்டர் எழும்பிவர முயலும். அரை மீட்டர் இறக்கினால் 20 மீட்டர். கூம்பாக எழும் அந்த உப்பு குழாயின் வாயைத் தொட்டுவிட்டால் கிணறு கெட்டது. உப்பு அதிகம் வேண்டியதுமில்லை. கடல்நீரில் லிட்டருக்கு 35,000 மில்லிகிராம் உப்பு. நூறு குடம் நல்ல தண்ணீரில் ஐந்து குடம் கடல் கலந்தால் 1,700 மில்லிகிராம் கூடிவிடும். குடிநீருக்கு வேறு வழியே இல்லாதபோது இந்தியத் தரநிலை பொறுத்துக்கொள்ளும் எல்லையே 2,000தான்.

நாழிக்கிணற்றின் அமைப்பை இந்தக் கண்ணோடு பார்த்தால் மரியாதை கூடுகிறது. சின்ன வாய். ஆழம் குறைவு. ஒரு நேரத்தில் ஒரு சின்னப் பாத்திரம்தான் முகக்க முடியும். அடுத்தது ஊறும்வரை வரிசை காத்திருக்கும். நன்னீரின் மேல்படலத்தை மட்டும் தொட்டு, அடியில் இருப்பதை எழுப்பாமல் எடுப்பதற்கு இதைவிடச் சரியான பொறியமைப்பு இல்லை. துலாவும் கமலையும் இருந்த காலத்தில் எல்லாக் கிணறுகளுக்கும் இப்படி இயற்கையான கடிவாளம் இருந்தது. மின்மோட்டார் அதை அறுத்துவிட்டது.

2004 சுனாமிக்குப் பிறகு கிழக்கிலங்கையில், மட்டக்களப்புப் பக்கம், உப்பேறிய கிணறுகளைச் சுத்தம் செய்ய நல்லெண்ணத்தோடு போனவர்கள் மோட்டார் வைத்து மீண்டும் மீண்டும் இறைத்தார்கள். பல கிணறுகளில் உப்பு குறைவதற்குப் பதில் அடியிலிருந்து இன்னும் ஏறியது. கடைசியில் நிலத்தைத் தேற்றியது பருவமழைதான். சேற்றை எடுத்துவிட்டு மழைக்குக் காத்திருங்கள் என்று பிறகு அறிவுரை வந்தது.

மழை நன்றாகப் பெய்த ஆண்டில் தேரி ஏரி தன் முகத்தை வெளியே காட்டும். சடையநேரி, வைரவம் தருவை போன்ற இடங்களில் செம்மணல் மேடுகளுக்கு நடுவே தாழ்வில் தண்ணீர் நிறைந்து நிற்கும், பறவைகள் வரும். நெல்லை, தூத்துக்குடி வறட்சிப் பகுதிக்குத் தாமிரபரணி வெள்ளநீரைக் கன்னடியன் கால்வாயிலிருந்து கருமேனியாறு, நம்பியாறு வழியாக எம்.எல். தேரி வரை கொண்டுசேர்க்க 2009ல் தொடங்கிய திட்டம் இந்தத் தாழ்வுகளைத்தான் நம்பியிருக்கிறது. எனக்கு இந்தத் திட்டத்தின்மேல் மதிப்பு உண்டு. வெள்ளநீர் தேரியில் இறங்கினால் அது மேலே ஒன்று ஏற, கீழே நாற்பது தள்ளும். ஆனால் கால்வாய் வந்துவிட்டது என்ற தைரியத்தில் இன்னும் நூறு போர் போட்டால் கணக்கு மறுபடி பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

உடன்குடி, சாத்தான்குளம், திருச்செந்தூர் வட்டாரத்தில் தோட்டமோ வீட்டுக் கிணறோ வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும், கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை வாங்கி, பங்குனியிலும் மார்கழியிலும் உங்கள் தண்ணீரை அளந்து எழுதிவையுங்கள். எண் ஆண்டுக்கு ஆண்டு ஏறினால் ஆழத்தைக் கூட்டாதீர்கள்; கீழே போகப் போக உப்புதான் பக்கம் வரும். மோட்டார் ஓடும் நேரத்தைக் குறையுங்கள்.